விலாசம் மாறும் வலி

ஜூன் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

இன்று காலை பேருந்து கிளம்புகிறவரை நான் உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தது ஒரே ஒரு வாக்கியம். "அம்மா வலிக்குதுன்னு சொன்னா, ஒரு தடவை திரும்பியாவது பாருங்கப்பா." நாக்கு நுனிவரை வந்தது. நீங்கள் என் பையைத் தூக்கி மேல்தட்டில் வைத்தீர்கள். வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றீர்கள். கூட்டத்தில் இறங்க வழி கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "போய்ச் சேந்ததும் மெசேஜ் போடு" என்றீர்கள். சரிப்பா என்றேன். பேர் மட்டும் வாயாடி.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் காதுக்கு ஸ்பீக்கர் இல்லாமல் சரிவராது. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். அவளைப் பற்றி அவளை வைத்துக்கொண்டே எப்படிப் பேசுவது? அதனால்தான் கடிதம். சிரிக்காதீர்கள்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். நீங்கள் குளியலறைக்கு வாளியில் வெந்நீர் தூக்கிக்கொண்டு போனீர்கள். அம்மா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடிப்பாளே, அந்த வேலை. திடீரென்று கையை நிறுத்தினாள்.

"ஏங்க, வலிக்குதுங்க."

நீங்கள் திரும்பவில்லை. "பதிவாயிடுச்சு. ஆள் அனுப்பியிருக்கோம்" என்றீர்கள்.

"எப்ப வருவாங்க?"

"லைன்ல இருக்காங்க. வந்துடுவாங்க."

குடிநீர் வாரியத்துப் புகார்ப் பிரிவில் வருஷக்கணக்காக நீங்கள் போனில் சொன்ன அதே வரி, அதே இழுவை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தும்விட்டேன். அம்மாவும் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் வலியைப் பற்றிப் பேசவில்லை. ஊர் வந்து சேர்கிறவரை என்னைக் குடைந்தது அந்தச் சிரிப்புதான். வலி போனதால் சிரித்தாளா, நான் சிரித்ததால் சிரித்தாளா என்று தெரியவில்லை.

உங்கள்மேல் குறை சொல்லவில்லை. அவளுக்குத் தலை வாரிவிடுவதை நீங்கள் செய்கிற அழகில் பாதிகூட எனக்கு வராது. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மாடி வீட்டு டீச்சருக்கு என் வணக்கம். நான் பேருந்து ஏறிய நேரத்தில் அம்மாவோடு உட்கார்ந்திருந்ததற்கு அவர்களுக்கு நன்றி சொல்லவும் மறந்துவிட்டேன்.

அன்புடன்,
வாயாடி


ஜூன் 15

என் அருமை வாயாடிக்கு,

உன் கடிதம் வந்தது. தபால்காரர் ஏதோ வக்கீல் நோட்டீஸ் என்று நினைத்துக் கையெழுத்துக் கேட்டார். என் மகள்தான், கிட்டத்தட்ட நோட்டீஸ்தான் என்றேன்.

குறை சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். உன் கோபத்தை எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் கோபம் வந்தால் தட்டில் சோற்றை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு ஒன்றுமே சொல்லாமல் உட்கார்ந்திருப்பாய். இந்தக் கடிதமும் அப்படித்தான் இருக்கிறது.

நான் திரும்பிப் பார்க்காமல் இல்லை, கண்ணு. பார்த்துப் பார்த்துத்தான் நிறுத்தினேன். பிப்ரவரியில் கால் வலி என்றாள். ஆட்டோ பிடித்து, எக்ஸ்ரே எடுத்து, அரை நாள் பெஞ்சில் உட்கார்ந்து, டாக்டர் காலைத் தொட்டதும் "காலா? யார் சொன்னா? எனக்குப் பல்லுல்ல வலிக்குது" என்கிறாள். டாக்டர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான்தான் நோயாளி என்கிற மாதிரி. சரி, பல் டாக்டரிடம் போனோம். பல்லில் ஒன்றும் இல்லை. வரும் வழியில் காது. வீட்டுக்கு வந்ததும் வயிறு. மறுநாள் காலை "வலியா? எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன். நீங்கதான் எப்பப் பாத்தாலும் என்னைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுறீங்க" என்று எனக்கே திட்டு.

எங்கள் பிரிவில் எல்லோரும் பின்பற்றிய ஒரு முறை உண்டு. ஒரே வீட்டிலிருந்து ஒரே புகார் திரும்பத் திரும்ப வந்தால் பைப்பில் நிஜமாகவே கோளாறு. ஆளை அனுப்பு. இன்றைக்குத் தண்ணீர் வரவில்லை, நாளைக்குக் கலங்கல், அதற்கடுத்த நாள் மீட்டர் ஓடவில்லை என்று புகார் மாறிக்கொண்டே போனால், அந்த ஆளுக்குப் பொழுது போகவில்லை என்று அர்த்தம். "பதிவாயிடுச்சு" சொல்லி வைத்துவிடு. இந்த முறையில் நான் தவறியது ரொம்பக் குறைவு. குரலை வைத்தே சொல்லிவிடுவேன்.

உன் அம்மாவின் வலி தினம் ஒரு விலாசத்திலிருந்து வருகிறது. எந்த வீட்டுக்கு என்று நான் ஆள் அனுப்புவது?

"பதிவாயிடுச்சு" என்றால் அவளுக்கு நிம்மதி. யாரோ கேட்டுக்கொண்டார்கள் என்று இருக்கிறது. அதைக் கேலி என்று எடுத்துக்கொள்ளாதே.

மற்றபடி எல்லாம் நல்லபடி. கட்டிலை ஜன்னல் பக்கம் நானே நகர்த்திப் போட்டேன், வெளிச்சம் இருந்தால் அவள் படபடப்பு குறைகிறது. தலைக்கு ஊற்றும்போது காதில் தண்ணீர் போனால் ஊரைக் கூட்டிவிடுகிறாள். அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டேன், இரண்டு காதிலும் பஞ்சு. எனக்கு ஒரு குறையும் இல்லை. கல் மாதிரி இருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. புத்தகத்தை வைத்துக்கொண்டு சாப்பிடாதே.

ஆசிகளுடன்,
அப்பா


ஜூன் 21

அன்புள்ள அப்பாவுக்கு,

சோற்றை ஓரமாக ஒதுக்குவது இன்னும் உண்டு. விடுதியில் யாரும் கவனிப்பதில்லை, அதுதான் வித்தியாசம்.

உங்கள் முறையைப் படித்தேன். அது சரியாகத்தான் இருக்கிறது, குடிநீர் வாரியத்துக்கு. எங்கள் நூலகத்தில் அதை வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கூட ஓட்ட முடியாது. போன வாரம் ஒரு பெரியவர் வந்தார். சின்ன வயதில் படித்த புத்தகம் வேண்டுமாம், பெயர் ஞாபகம் இல்லையாம். நீல அட்டை என்றார். கப்பல் வரும் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, கப்பல் இல்லை, ரயில் என்றார். அப்புறம் அட்டை பச்சை என்றார். பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்துத் தலையில் தட்டிக் காண்பித்தார். ஆனால் அந்தப் பெரியவர் எந்த இடத்தில் கண் கலங்கினார் என்று பார்த்தேன். ஒரு அக்கா தம்பியை ஸ்டேஷனில் விட்டுவிட்டுப் போகிற இடம் என்று சொல்லும்போது. அது மட்டும் எந்தத் தடவையும் மாறவில்லை. அதை வைத்துத் தேடினேன். புத்தகம் இருந்தது. அட்டை சிவப்பு.

அம்மாவிடம் சொற்கள்தான் இடம் மாறிக் கிடக்கின்றன. அலமாரியில் சீப்பை வைக்கிற இடத்தில் மூக்குக் கண்ணாடியை வைக்கிறாள் இல்லையா, அது மாதிரி வயிற்றை வைக்கிற இடத்தில் காதை வைத்திருக்கலாம். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் அவளுக்கு ஏதாவது ஒரு பெயர் சொல்லியாக வேண்டும். பரீட்சை மாதிரி. அதனால் எங்கே என்பதை விட்டுவிடுங்கள். எப்போது என்று பாருங்கள். அப்போது அவள் முகம் எப்படி இருக்கிறது, கை எங்கே போகிறது, அதற்கு முன்னால் என்ன நடந்தது. செருப்பு கடிக்கிறதா, பாவாடை நாடா இறுக்கமா, பசியா, வெளிக்குப் போய் எத்தனை நாளாகிறது, காதுக்குள் ஏதாவது சிவந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். நான் படித்தவரையில் இப்படித்தான் சொல்கிறார்கள். படித்ததை வைத்து உங்களுக்குப் பாடம் எடுக்கிறேனோ என்று எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது. எடுக்கிறேன் என்றால் மன்னியுங்கள். இங்கே உட்கார்ந்துகொண்டு என்னால் வேறு என்ன செய்ய முடியும்?

ஒன்றும் இல்லாமல் வெறும் பயமாகவே இருந்தாலும், பயத்துக்கும் அவள் வலி என்றுதான் பெயர் வைக்கிறாளோ என்னவோ. எனக்கும் தெரியவில்லை அப்பா. தெரியாது என்பதால்தான் பார்க்கச் சொல்கிறேன்.

அன்புடன்,
வாயாடி


ஜூலை 2

என் அருமை வாயாடிக்கு,

நீ சொன்னபடி பார்த்தேன். முதலில் நீ ஜெயித்ததைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடிதத்தைக் கிழித்துவிடுவாய்.

கால் வலி என்றாள். குனிந்து பார்த்தேன். செருப்பு இடம் வலம் மாறியிருந்தது. அதோடு வலது செருப்பின் நுனியில் ஒரு சட்டைப் பொத்தான். எப்படி அங்கே போனது என்று கேட்காதே. எத்தனை நாளாக அதன்மேல் நடந்தாளோ. பெருவிரலுக்கு அடியில் கன்றிப் போயிருந்தது. பொத்தானைக் காட்டியதும், "இத எங்கெல்லாம் தேடுனேன்" என்று வாங்கிப் பத்திரமாக முந்தானையில் முடிந்துகொண்டாள். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்க மனம் வரவில்லை.

சரி, ஒன்று உண்மை. அதை வைத்து எல்லாமே உண்மை என்று சொல்லிவிட முடியுமா? இப்போது என் பக்கத்தைக் கேள்.

காதைப் பார்த்தேன். டார்ச் அடித்தேன். ஒரு காதைக் காட்டினாள், அதில் ஒன்றும் இல்லை. இன்னொன்றைக் காட்டவே மாட்டேன் என்று கையால் பொத்திக்கொண்டாள். விட்டுவிட்டேன். வயிற்றைப் பார்த்தேன். மெத்தென்று இருக்கிறது, அமுக்கினால் கூச்சத்தில் சிரிக்கிறாள். வெளிக்கு ஒழுங்காகப் போகிறாள். பசி நன்றாக எடுக்கிறது. ஆனாலும் "வலிக்குது" நிற்கவில்லை.

எப்போது என்று பார்க்கச் சொன்னாய். பார்த்ததில் ஒன்று பளிச்சென்று தெரிந்துவிட்டது. நான் சும்மா உட்கார்ந்து பேப்பர் படித்தால் அவளுக்கு வலியே இல்லை. நான் வேலை செய்யும்போதுதான் வலி. மெத்தையைத் திருப்பினால் வலி. வாளியைத் தூக்கினால் வலி. அவளை நாற்காலியிலிருந்து கைகொடுத்து எழுப்பினால் "ஐயோ, வலிக்குது வலிக்குது". எனக்குச் சிரிப்புத்தான். கல்யாணமான புதிதில் நான் ஞாயிற்றுக்கிழமைகூட ஏதாவது ஒன்றைப் பிரித்துப் போட்டு ரிப்பேர் செய்துகொண்டிருப்பேன். "கொஞ்சம் உக்காருங்களேன், ஆணி எங்கயும் ஓடிடாது" என்பாள். அதே சங்கதிதான். நான் பக்கத்தில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். இதற்குப் பெயர் வலியா?

இன்னும் கேள். மருந்து என்று சொல்லி ஒரு புதினா மிட்டாய் கொடுத்தேன். கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வலி போச்சு என்றாள். மிட்டாயில் போகிற வலியை எந்தக் கணக்கில் வைப்பது, நீயே சொல்.

நேற்று நடந்தது எல்லாவற்றையும் மிஞ்சிவிட்டது. காஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினேன். ஓடி வந்தாள். "வலிக்குது" என்றாள். நீ சொன்னது ஞாபகம் வந்து, எங்கே என்று கேட்காமல், "கைய வச்சுக் காட்டு" என்றேன். நேராக வந்து என் அடிவயிற்றில் கையை வைத்து, "இங்க" என்றாள்.

பார்த்துக்கொள். தன் வயிறு எது, புருஷன் வயிறு எது என்றே தெரியாத ஆளின் புகாரை நான் எந்த அலுவலகத்துக்கு அனுப்புவது? டீச்சரிடம் சொன்னேன், அவர்களும் சிரித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பை நிறுத்திவிட்டு ஏதோ யோசித்தார்கள். பிறகு பால் பொங்குகிறது என்று மேலே போய்விட்டார்கள்.

ஆசிகளுடன்,
அப்பா


ஜூலை 7

அன்புள்ள அப்பாவுக்கு,

பொத்தானுக்காகச் சந்தோஷப்பட வேண்டுமா வருத்தப்பட வேண்டுமா என்று தெரியவில்லை.

உங்கள் கடிதத்தை வேலை நேரத்தில் படித்தேன். அந்தக் கடைசிப் பகுதிக்கு வந்ததும் திரும்பப் படித்தேன். பிறகு என் ஞாபகத்தில் இருந்ததையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். அன்று வாளி. நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு போனீர்கள். உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை. அம்மா உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்தால் குளியலறைக் கதவில் இருக்கும் கண்ணாடி தெரியும். அதில் உங்கள் முகம் தெரிந்திருக்கும். அவள் துண்டைப் பார்த்துக்கொண்டு சொல்லவில்லை. அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். வழி இருந்தது அப்பா. உங்களுக்குப் பின்னால் யாருமே இல்லை. இப்போதுதான் ஞாபகம் வருகிறது. இல்லை, இப்போது அப்படி இருந்திருக்கும் என்று நானாகத்தான் கற்பனை செய்துகொள்கிறேனோ, அதுவும் தெரியவில்லை.

நான் தப்பாகவே இருக்கலாம். ஆனால் அவளிடம் கேட்க வேண்டாம் என்று நான் சொன்ன கேள்வியையே உங்களிடம் கேட்கிறேன்.

உங்களுக்கு எங்கே வலிக்கிறது?

வாயாடி


ஜூலை 11

மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்கு எங்கும் வலிக்கவில்லை. வயதான உடம்பு, குனிந்தால் ஒரு பிடிப்பு, நிமிர்ந்தால் ஒரு பிடிப்பு இருக்கத்தான் செய்யும். அதையெல்லாம் நோய் என்று கிளப்பினால் ஊரில் பாதிப் பேர் படுத்துத்தான் கிடக்க வேண்டும்.

இருபத்து நாலு மணி நேரமும் கூட இருக்கிறவனுக்குத் தெரியாதது, கண்ணாடியில் முகம் தெரியுமா தெரியாதா என்று அங்கே உட்கார்ந்து கணக்குப் போடுகிற உனக்குத் தெரிந்துவிட்டது. சந்தோஷம். உங்கள் நூலகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு புத்தகம் இருக்கும். இந்த வீட்டுக்கு இல்லை.

நேற்று என்னை யார் என்று கேட்டாள். அவள் சொல்வதை எல்லாம் நம்பு என்கிறாய். அதையும் நம்பட்டுமா?

லீவு போட்டுக்கொண்டு வர வேண்டாம்.

அப்பா


ஜூலை 19

அன்புள்ள அப்பாவுக்கு,

"மகளுக்கு" என்று நீங்கள் ஆரம்பித்த முதல் கடிதம் அது. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

உங்களைப் புண்படுத்த எழுதவில்லை. ஆனால் எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியவில்லை. அம்மா சொல்வதை எல்லாம் நம்புங்கள் என்று நான் சொல்லவில்லை. நம்பாவிட்டாலும் பாருங்கள் என்றேன். இரண்டும் வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கு அப்படித் தோன்றாமல் இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசினோம். "நல்லா இருக்கோம்" என்றீர்கள். பின்னால் அம்மா குரல் கேட்டது. "அவகிட்டச் சொல்லுங்க." "என்னத்தச் சொல்ல?" "வலிக்குதுன்னு சொல்லுங்க." "இதோ ஆரம்பிச்சுட்டா உங்கம்மா" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டீர்கள். வைக்கிறதுக்கு முன்னால் நீங்கள் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கிற சத்தம் கேட்டது. அது எனக்குப் பழகிய சத்தம் இல்லை.

யார் என்று உங்களைக் கேட்டாள் என்பதை எழுதினீர்களே. அதைப் பற்றி ஒரு வரிகூட எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் எழுதாமலே விடுகிறேன்.

அன்புடன்,
வாயாடி


ஆகஸ்ட் 3

என் அருமை வாயாடிக்கு,

பதில் போடத் தாமதமாகிவிட்டது. கோபம் இரண்டு நாளில் போய்விட்டது. மீதி நாளெல்லாம் பயம்.

எனக்கு அடிவயிற்றில், வலது தொடை சேருகிற இடத்தில், ஒரு வீக்கம். கனமாக எதையாவது தூக்கினால் முட்டை மாதிரி வெளியே தள்ளும். படுத்தால் உள்ளே போய்விடும். போன மழைக்காலத்திலிருந்தே இருக்கிறது. வரும், போகும். வந்து வந்து போகிற புகாரை என்றைக்கு நான் மதித்திருக்கிறேன்? என் புகாருக்கும் "பதிவாயிடுச்சு"தான்.

போன வாரம் மாடி வீட்டு டீச்சர் படியிறங்கி வந்தார்கள். வழக்கமாக வாசலில் நின்று பேசுவார்கள், அன்று உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். "சார், நானும் கொஞ்ச நாளாப் பாத்துக்கிட்டே இருக்கேன். துணி காயப்போட வரும்போது நீங்க மாடிப்படில நின்னு நின்னு ஏறுறீங்க. நாளைக்கு நான் இவங்களப் பாத்துக்கிறேன், நீங்க போய்க் காட்டிட்டு வந்துடுங்க. இல்லைன்னா உங்க பொண்ணுக்கு நானே போன் போட்டுடுவேன்" என்றார்கள். முப்பது வருஷம் பிள்ளைகளை மிரட்டிய குரல். எனக்கே பயமாகிவிட்டது. போனேன்.

குடல் இறக்கமாம். இவ்வளவு நாள் எப்படித் தாங்கினீர்கள் என்று டாக்டர் திட்டினார். உள்ளே போகாமல் வெளியிலேயே சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்தாம். உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டுமாம். அதற்குப் பிறகும் ரொம்ப நாளைக்கு எதையும் தூக்கக் கூடாதாம். உன் அம்மாவை நாற்காலியிலிருந்து எழுப்புவதுகூடக் கூடாது.

உன்னிடம் ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். நான் ஆஸ்பத்திரியில் படுத்தால் அவளை எங்கே விடுவது? எங்கேயாவது ஒரு முதியோர் இல்லத்தில்தான். அங்கே அவள் வலிக்குது என்றால் யார் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். இங்கே மட்டும் யார் பார்த்தார்கள்?

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவளுக்குத் தெரிந்துதான் சொன்னாள் என்று எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. பல் என்றாள், எனக்குப் பல் வலி கிடையாது. காது என்றாள், தலை என்றாள். குருட்டாம்போக்கில் ஒரு நாள் என் வயிற்றிலும் கை பட்டிருக்கலாம். உன் பேச்சைக் கேட்டால் எனக்கு ஆறுதலாக இருக்கிறது. அதனாலேயே அதை நம்பப் பயமாக இருக்கிறது. டாக்டரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன், "ஆபரேஷனாம்மா எனக்கு." கேட்டுக்கொண்டாள். "பதிவாயிடுச்சு" என்றாள்.

டாக்டர் கொடுத்த சீட்டை அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன்.

லீவு போட்டுக்கொண்டு வா. வர வேண்டாம் என்று எழுதியதை மறந்துவிடு.

ஆசிகளுடன்,
அப்பா


ஆகஸ்ட் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

இதை டீச்சரிடம் கொடுத்தனுப்புகிறேன். மாலையில் உங்கள் வார்டுக்கு வருகிறார்களாம். நர்ஸ் உங்கள் போனை வாங்கி வைத்துவிட்டதும் நல்லதுதான், இல்லாவிட்டால் அங்கேயிருந்தே ஸ்பீக்கரில் வீட்டை நடத்துவீர்கள். தையல் நன்றாக ஆறுகிறது என்று டாக்டர் சொன்னதை டீச்சர் வந்து சொன்னார்கள். அம்மாவிடம் சொன்னேன். "யாருக்கு?" என்றாள். அப்பாவுக்கு என்றேன். "அவரு ஆபீசுக்குப் போயிருக்காரு" என்றாள்.

இவ்வளவு நாளும் கடிதத்தில் உங்களுக்கு உபதேசம் செய்துகொண்டிருந்தேன். இப்போது நானே பார்க்கிறேன். முதல் நாளே என் கணக்கெல்லாம் தப்பிப்போனது. நீங்கள் இல்லாவிட்டால் வலி இருக்காது என்று எதிர்பார்த்தேன். மனதுக்குள் அதைப் பெரிதாக எழுதிக்கூட வைத்துவிட்டேன். வந்த அன்றைக்கே கழுத்து வலிக்கிறது என்றாள். நான் எதையும் தூக்கவில்லை, எனக்கு எங்கும் வலியும் இல்லை. மறுநாள் நாள் முழுக்க எதுவுமே சொல்லவில்லை. அதற்கும் மறுநாள் குளிக்கும்போது "வலிக்குது, வலிக்குது" என்று என் கையைத் தட்டிவிட்டாள். தண்ணீர் சூடு அதிகமோ என்று விளாவினேன். குளிர்ச்சியாக இருக்கிறது என்று அழுதாள். கடைசியில் நானும் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். அவள் துண்டை எடுத்து என் முகத்தைத் துடைத்தாள். துடைத்துவிட்டு, "யாரும்மா நீ, யாரு உன்ன அடிச்சா?" என்றாள்.

அப்போது எனக்கும் தோன்றிவிட்டது அப்பா. மறுபடி வலிக்குது என்று சொன்னால், பதிவாயிடுச்சு என்று சொல்லிவிடலாம் போலத் தோன்றியது. ஒரு தடவை சொல்லியும்விட்டேன். உங்களுக்கு வருகிற அந்த இழுவை எனக்கு வரவில்லை. அவள் என்னை முறைத்தாள்.

வயிறு வலிக்கிறது என்று மட்டும் இதுவரை ஒரு முறைகூடச் சொல்லவில்லை. இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். இதற்கு அர்த்தம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நடந்தது இதுதான் என்று மட்டும் எழுதுகிறேன். நீங்கள் நம்ப வேண்டாம்.

நேற்று முன்தினம் காது என்றாள். டார்ச்சை எடுத்தேன். உங்களிடம் செய்த மாதிரியே வலது காதைக் காட்டிவிட்டு இடது காதைப் பொத்திக்கொண்டாள். நான் எதுவும் செய்யாமல் அவள் எதிரில் உட்கார்ந்து, என் இடது காதை நானே பொத்திக்கொண்டேன். ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம், இரண்டு பேரும் காதைப் பொத்திக்கொண்டு. டீச்சர் வந்து பார்த்துவிட்டு ஆட்டோ கூப்பிடப் போனார்கள்.

காது டாக்டர் இடுக்கியால் எடுத்தது ஒரு பஞ்சு உருண்டை, தலைக்கு ஊற்றும்போது வைக்கிற பஞ்சு. தண்ணீரில் ஊறி, மஞ்சளாகி, நாற்றமடித்தது. உள்ளே சின்னதாகப் புண். எத்தனை நாளாக இருந்தது என்று அவரால் சொல்ல முடியவில்லை. நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று தெரியும். மறைக்கலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். நம் வீட்டில் மறைத்தது போதும். சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார். ஒரு வாரத்தில் ஆறிவிடும் என்றார்.

கழுத்து என்று சொன்னதும் இந்தக் காதுதானா, குளிக்கும்போது அழுததும் இதனால்தானா என்று டாக்டரிடம் கேட்டேன். இருக்கலாம் என்றார். பல் என்று சொன்னது? இருக்கலாம். கேட்டதற்கெல்லாம் இருக்கலாம் என்றே சொன்னார். அந்த வார்த்தையை அன்றைக்கு நான் மதித்த மாதிரி என்றைக்கும் மதித்ததில்லை.

நாங்கள் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டோம். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். டாக்டரைத் திரும்பிப் பார்த்து, "அவருக்கும் பாருங்க" என்றாள்.

"யாருக்கும்மா?" என்றார் டாக்டர்.

அதற்குள் அவள் மறந்துவிட்டாள். காத்திருந்தவர்களில் அடுத்த ஆள் உள்ளே போனார். ஆட்டோவில் வீட்டுக்கு வந்தோம். அன்று இரவு நன்றாகத் தூங்கினாள்.

நீங்கள் வருகிற அன்று அம்மாவை வாசலில் நிறுத்தி வைக்கிறேன். யார் என்று கேட்டால் பெயரைச் சொல்ல வேண்டாம், பக்கத்தில் உட்காருங்கள், போதும்.

இன்று காலை முழங்கால் வலிக்கிறது என்றாள். தரையில் உட்கார்ந்து, புடவையை விலக்கி, இரண்டு முழங்காலையும் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

அன்புடன்,
வாயாடி